கடைசியாக நன்றாக இருந்த நேரம்

ஸ்ட்ரெச்சரின் முன்சக்கரங்கள் சரிவில் ஏறும்போதே ஜெனிஃபர் பேனா மூடியைக் கழற்றிவிட்டாள். காலையிலிருந்து இது ஒன்பதாவது ஆம்புலன்ஸ். ஆளைப் பார்ப்பதற்கு முன் படிவத்தைப் பார்ப்பது அவள் வழக்கம். பன்னிரண்டு வருஷம் அவசரப் பிரிவின் வாசலில் நின்றால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

"அறுபத்தாறு வயசு, சிஸ்டர்," என்று ஆம்புலன்ஸ்காரர் டிரேவர் ஒப்புவிக்க ஆரம்பித்தார். "வலது கை, வலது கால் அசையல. பேச்சு வரல. பிபி நூத்தி எழுபதுக்கு நூறு. சுகர் நார்மல்."

பெயருக்கான கட்டத்தில் பாக்கியராஜ் என்று எழுதியிருந்தது. அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். அப்பா. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. கண் மட்டும் அவளை அடையாளம் கண்டுகொண்டது.

பின்னாலேயே அண்ணன் விஜய்குமார் செருப்பில்லாமல் ஓடி வந்தான். அம்மா ஜோசபின் கதவைப் பிடித்தபடி ஆம்புலன்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள்.

"கடைசியா எத்தன மணிக்கு நல்லா இருந்தாரு?" தன் குரல் எப்படி வெளியே வந்தது என்று ஜெனிஃபருக்கே தெரியவில்லை.

"பத்து மணிக்கு," என்றான் விஜய். "டீ குடிச்சாரு. நானே பாத்தேன்."

அப்போது மணி பதினொன்றரை.

டிரேவர் அவள் பக்கம் குனிந்தார். "சிஸ்டர், ஒரு நிமிஷம். லுங்கியிலயே யூரின் போயிருக்கு. ஆனா நல்லா காஞ்சு கெடக்கு. ஒன்றரை மணி நேரத்துல அப்படிக் காயாது. இன்னொரு தடவ கேட்டுடுங்களேன்."

அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் பொய் சொல்வார்கள். தள்ளாடி வருகிறவன் ஒரே ஒரு பியர் என்பான். மண்டை உடைந்து வருகிறவன் ஹெல்மெட் போட்டிருந்தேன் என்பான். மருமகளைத் தூக்கிவரும் மாமியார், இருமல் மருந்து என்று நினைத்துக் குடித்துவிட்டாள் என்பாள். அதனால்தான் இந்த நேரக் கணக்கை மட்டும் ஜெனிஃபர் எப்போதும் இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கேட்பாள். புதிதாக வேலைக்கு வரும் நர்ஸுகளுக்கு அவள் முதலில் சொல்லித் தருவதே அதைத்தான்.

"சொல்றது எங்க அண்ணன், டிரேவர்," என்றாள். "பேப்பரக் குடுங்க."

டிரேவர் படிவத்தை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. டாக்டர் பரத் ஊசி மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு, "டைம் கன்ஃபர்மா சிஸ்டர்?" என்று கேட்டார். "கன்ஃபர்ம் டாக்டர்," என்றாள். பன்னிரண்டு பத்துக்கு அடைப்பைக் கரைக்கும் ஊசி ஏறியது. இரண்டு மணிக்கு அப்பா வாந்தி எடுத்தார். மறுபடி எடுத்த ஸ்கேனில் மூளைக்குள் ரத்தம் பரவியிருந்தது. நாலு இருபதுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. நூற்றில் சில பேருக்கு இப்படி ஆவதுண்டு, யார் மேலும் தப்பில்லை என்று டாக்டர் பரத் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் ஜெனிஃபர் அண்ணனின் தோளில் சாய்ந்து அழுதாள். "நேரத்துக்குக் கொண்டு வந்துட்டியே அண்ணா, நீ செய்ய வேண்டியத செஞ்சுட்ட," என்று அவனுக்கு ஆறுதல்கூடச் சொன்னாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நீலசந்திராவில் இருந்த அப்பாவின் வீட்டில் மூச்சுவிட இடமில்லை. கோலாரிலிருந்து காலை ரயிலில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். அப்பாவோடு அங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த நாலைந்து பேர் தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பையன் இருந்தா இப்படி இருக்கணும், ஒன்றரை மணி நேரத்துல கொண்டுபோய்ச் சேத்துட்டானே என்று வந்தவர்கள் எல்லாம் விஜயின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். அவனும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றான்.

அப்பாவுக்குப் போட வெள்ளைச் சட்டை எடுக்க ஜெனிஃபரும் அம்மாவும் உள்ளறைக்குப் போனார்கள். அம்மா பீரோவைத் திறந்து சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"நேத்து காலைல ஆறு மணிக்கு அவர அப்படித் திட்டியிருக்கக் கூடாது," என்றாள்.

"எதுக்குத் திட்டின?"

அம்மா சட்டையை மடிக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே மடித்திருந்த சட்டை.

"அம்மா. ஆறு மணிக்கு என்ன நடந்துச்சு?"

"பாத்ரூம் வாசல்ல விழுந்து கெடந்தாரு. வாய் கொழறிச்சு. என்னமோ சொல்ல வந்தாரு. மறுபடி குடிக்க ஆரம்பிச்சுட்டாருன்னு நெனச்சோம். உங்கண்ணன்தான் தூக்கிப் படுக்க வெச்சான். போதை தெளிஞ்சதும் எந்திரிப்பாருன்னு விட்டுட்டோம். பதினோரு மணியாகியும் எந்திரிக்கல, அப்புறம்தான் ஆம்புலன்ஸக் கூப்பிட்டோம்."

"அப்பா குடிய விட்டு ஒம்பது வருஷம் ஆச்சு."

"அதுக்கு முந்தின இருவது வருஷம் எனக்குத்தாண்டி தெரியும்."

"வாயையாவது மோந்து பாத்தீங்களா?"

அம்மா தரையைப் பார்த்தாள். "கிட்டப் போகல."

விஜய் எப்போது வந்தானோ, கதவைச் சாத்திவிட்டு அதிலேயே சாய்ந்து நின்றிருந்தான். "கிறிஸ்மஸுக்கு வந்தப்ப நீதான சொன்ன ஜெனி? பக்கவாதம் வந்து நாலரை மணி நேரம் தாண்டிட்டா ஊசி போட மாட்டாங்கன்னு. ஆறு மணின்னு சொன்னா அப்படியே விட்டுருவாங்கன்னு பயந்துட்டேன்."

"தாண்டிப் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சுரும்னும் அன்னிக்கே சொன்னேன்."

"அது ஞாபகம் இல்ல."

அப்பா போன துக்கம் அந்த நிமிஷம் ஜெனிஃபருக்குள் எங்கேயோ ஒதுங்கிக்கொண்டது. ஏமாந்தது மட்டும்தான் மிஞ்சியது. ஊர்பேர் தெரியாதவர்களை எல்லாம் நம்பாமல் இரண்டு முறை கேட்டவள், வீட்டு ஆள் சொன்னான் என்று ஒரே பேச்சில் நம்பினாளே. நேற்று அந்தத் தோளில் சாய்ந்து அழுதபோது அவனுக்குத் தெரியும். முதுகைத் தடவிய அம்மாவுக்கும் தெரியும். தெரியாதவள் அந்த பெஞ்சில் அவள் ஒருத்திதான்.

"ஊசி போட்டு இறந்தா ஆஸ்பத்திரியில விசாரிப்பாங்க," என்றாள். "நேரத்தத் தப்பா எழுதிட்டான்னு மொதல்ல டிரேவரத்தான் புடிப்பாங்க. காஞ்ச லுங்கியப் பாத்து எனக்குச் சொன்னவரு அவரு."

விஜய் அம்மாவைப் பார்த்தான். அம்மாதான் சொன்னாள். "வெளிய சொல்லிடாத ஜெனி. ஊர் என்ன பேசும்? அதுவுமில்லாம கையெழுத்து உன்னுது. உன் வேலைக்குத்தான் ஆபத்து."

அதைச் சொன்ன குரலில் அக்கறைதான் இருந்தது. அதைத்தான் ஜெனிஃபரால் தாங்க முடியவில்லை.

சவப்பெட்டியைத் தெருவில் பந்தலுக்குக் கீழே வைத்து பாஸ்டர் ஜெபம் செய்தார். ஜெனிஃபர் அம்மாவின் பக்கத்தில் நின்றாள். அம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கூட்டத்தின் கடைசியில் டிரேவர் யூனிஃபார்மோடு நின்றிருந்தார். டியூட்டிக்கு நடுவில் வந்திருப்பார் போல.

"மகன் ஒரு நிமிஷமும் தாமதிக்காம தகப்பன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாரு," என்றார் பாஸ்டர். "மகள் கடைசி வரைக்கும் கூட இருந்தாங்க. இப்படி ஒரு குடும்பத்துக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மகள் ரெண்டு வார்த்த சொல்லட்டும்."

கோலார் ஆட்கள் சாவில் இது வழக்கம்தான். குடும்பத்தில் யாராவது ஒருவர் பெட்டியருகில் நின்று, போனவரின் கடைசி நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜெனிஃபருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல அவளுக்குத் தெரிந்தது ஒரே முறைதான்.

"பாக்கியராஜ்," என்றாள். "வயசு அறுபத்தாறு. பிபிக்கு மாத்திர சாப்பிட்டாரு. ஒம்பது வருஷமா குடிக்கல. நேத்தும் குடிக்கல."

அம்மாவின் விரல்கள் இன்னும் இறுகின. ஜெனிஃபர் பெட்டியைப் பார்த்தே பேசினாள்.

"காலைல ஆறு மணிக்கு விழுந்தாரு. ஆஸ்பத்திரிக்கு வந்தது பதினொன்றரைக்கு. பத்து மணி வரைக்கும் நல்லா இருந்தாருன்னு எங்கிட்ட சொன்னாங்க. ஆம்புலன்ஸ்ல வந்தவரு சந்தேகப்பட்டாரு. இன்னொரு தடவ கேக்கச் சொன்னாரு. நான் கேக்கல. கையெழுத்து போட்டது நான்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆஸ்பத்திரியிலயும் இதையேதான் சொல்லப் போறேன்."

பாஸ்டர் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் தேடினார். நாற்காலியில் இருந்த பெரியவர் ஒருவர் விஜயைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். விஜய் அசையாமல் நின்றான்.

அம்மா கையை விட்டாள். பெட்டியின் கால்மாட்டைச் சுற்றிப் போய் விஜயின் பக்கத்தில் நின்று, முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

பாட்டு தொடங்கியது. பெட்டியைத் தூக்க நாலு பேர் வந்தார்கள். அம்மா நின்றிருந்த இடத்தில் ஒருவர் வந்து நின்று கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா," என்றார்.

ஜெனிஃபர் தள்ளிக்கொண்டாள்.