நாலு மணி மாமியார்

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், ஓய்வு பெற்ற மறுநாளே கூடத்தில் டிவிக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். சாப்பாடும் அங்கேயேதான். தட்டில் என்ன இருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் கை தன்பாட்டுக்கு வாய்க்குப் போய் வந்தது. ஒன்றரை வருஷத்தில் கால் வீங்கியது, சர்க்கரை ஏறியது.

"மாத்திரை மட்டும் போதாதுங்க. தினமும் சாயங்காலம் நடக்கணும்," என்றார் டாக்டர்.

ஓட்டுநரின் முகம் தொங்கிப்போனது. "நாலு மணிக்குத் தொடர் இருக்கே, டாக்டர்."

"அப்ப அஞ்சு மணிக்கு?"

"அதுக்கு வேற தொடர் இருக்கு."

மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். "நீங்க நடந்துட்டு வாங்க. நான் பார்த்து வச்சு ஒண்ணு விடாம கதை சொல்றேன்," என்றாள்.

அரை மனதோடு கிளம்பினார். முதல் நாள் தெருமுனை போவதற்குள்ளேயே மூச்சு வாங்கிவிட்டது. திரும்பி வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்ன ஆச்சு?"

"மூத்த மருமக பெட்டியைத் தூக்கிட்டா. மாமியார் வாசல்ல நின்னு, 'போறதுன்னா போ, போறதுக்கு முன்னாடி ஒரு டீ போட்டுக் குடு. நீ போடற மாதிரி எனக்கு வராது'ன்னு சொல்லிட்டா!"

"அந்த ராட்சசியா?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அதன்பின் கதை கேட்கும் ஆசையிலேயே நடை விறுவிறுப்பானது. இரண்டே மாதத்தில் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கால் வீக்கம் வடிந்தது. சர்க்கரையும் இறங்கியிருந்தது.

ஒருநாள் நல்ல மழை. வீட்டில் அடைந்து கிடந்தவர் நாலு மணிக்கு டிவியைப் போட்டார். மாமியார் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். படுத்து ஒரு மாதமாயிற்றாம். சுற்றி நின்று எல்லோரும் அழுதார்கள்.

தையல் மிஷின் சத்தம் நின்றது.

"என்ன இது? நேத்துதான் மருமகளோட கடைக்குப் போனதா சொன்னே?"

அவள் நூலைப் பல்லால் கடித்தாள். "ஒரே அழுகையா இருந்துச்சுங்க. யாரு பார்க்கறது? நீங்க படி இறங்கினதும் அணைச்சிடுவேன்."

"அப்ப நீ சொன்ன சின்னவன் கல்யாணம்?"

"நான்தான் பண்ணி வச்சேன்."

கோபப்படத்தான் வாயைத் திறந்தார். சிரிப்புதான் வந்தது. வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு டிவியை அணைத்தார். மழை தூறலாகியிருந்தது. குடையை எடுத்தார்.

"நீயும் வா. நடந்துகிட்டே சொல்லு."

"இன்னைக்கு என்ன நடக்குதுன்னு நான் இன்னும் யோசிக்கவே இல்லையே!"

"நடந்தா தானா தோணும்," என்று அவளுடைய செருப்பை எடுத்து வாசலில் போட்டார்.