குட்டை ஸ்க்ரூ

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் திருடனைப் பார்த்துப் பயமில்லை, வீட்டில் இருப்பவர்களைப் பார்த்துத்தான் பயம் என்பது பூட்டுக்காரரின் தீராத புலம்பல். முன்பெல்லாம் வாசல் கதவுக்குப் பூட்டு கேட்டு வருவார்கள். இப்போது அலமாரிக்கு, ஃபிரிட்ஜுக்கு, மேஜை டிராயருக்கு. "சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்று பல்லைக் காட்டுகிறவன் எவனையும் அவர் நம்பியதில்லை. பல்லைக் காட்டாதவனையும் நம்பியதில்லை, அது வேறு விஷயம்.

டைலரின் மகன் கடைக்கு வந்தபோது நன்றாகவே பல்லைக் காட்டினான்.

"மாமா, அப்பா ரூமுக்கு ஒரு தாழ்ப்பாள் போடணும். வெளிப்பக்கமா."

"வெளிப்பக்கமாவா? உள்ள என்ன, புலியா இருக்கு?"

"அவருக்கு ஞாபகம் தப்பிப்போச்சு மாமா. ரோட்டுல இறங்கிடுறாரு. வெளியாளைக் கூப்பிட்டா நாலு விதமா பேசுவாங்க. நீங்க நம்ம ஆளு."

டைலரும் பூட்டுக்காரரும் தலை நரைப்பதற்கு முன்பிருந்தே சிநேகிதர்கள். சாயங்காலமானால் கடை பெஞ்சில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் கிண்டல் செய்வது இருவருக்கும் இரண்டாவது தொழில். கொஞ்ச காலமாக டைலரைக் காணோம். வீட்டுக்குப் போனால் "தூங்குறாரு மாமா" என்று மகன் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவான். எந்நேரமும் ஒரு மனுஷன் தூங்குவானா?

பையைத் தூக்கிக்கொண்டு போனார். அறைக்குள் மூத்திர நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டாத உயரத்தில், அலமாரி மேல் இருந்தது. கட்டில் விளிம்பில் டைலர் பாதியாக இளைத்து உட்கார்ந்திருந்தார். துணியில் மாட்டிவிடுமே என்று நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்கிற ஆள். இப்போது நகங்கள் வளைந்து அழுக்கேறிக் கிடந்தன. மணிக்கட்டைச் சுற்றி மஞ்சள் பூத்த கன்றல்.

"உன் மூக்குக்கண்ணாடி எங்கடா?"

டைலர் மகனின் முகத்தைப் பார்த்தார்.

"உடைச்சிட்டாரு மாமா" என்றான் மகன்.

"நான் அவன்கிட்ட கேட்டேன்."

மகன் விளக்கைப் போடக் கையைத் தூக்கினான். டைலர் சட்டென்று முழங்கையால் தலையை மறைத்துக்கொண்டார். பூட்டுக்காரருக்கு அதற்குமேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மகன் போன் பேச ஹாலுக்குப் போனதும், பையைத் துழாவி இருப்பதிலேயே குட்டையான ஸ்க்ரூக்களைப் பொறுக்கினார். தாழ்ப்பாள் செருகும் வளையத்தை அவற்றை வைத்தே கதவு நிலையில் பேருக்குப் பொருத்தினார்.

"உனக்கு ஞாபகம் தப்பிடுச்சாமே? நான் யாரு சொல்லு?"

"ஊரைத் திட்டியே கிழவனானவன்."

"சரிதான். இப்ப கேளு. அவன் வேலைக்குப் போனதும் கைப்பிடியப் பிடிச்சு பலமா ஒரு இழு. வளையம் பிடுங்கிட்டு வந்துடும். நேரா கடைக்கு வந்துடு."

டைலர் தலையாட்டினார்.

பெஞ்சில் துண்டைப் போட்டு இடம் பிடித்து வைத்துக்கொண்டு பூட்டுக்காரர் காத்திருந்தார். அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. அந்த வாரம் முழுக்கப் பார்த்துவிட்டு, வாழ்நாளில் நம்பியே இராத ஒரு காரியத்தைச் செய்தார்: முதியோர் நல ஆபீஸில் போய்ப் புகார் கொடுத்தார்.

அங்கிருந்து விசாரிக்க ஒரு அம்மா வந்தாள். மகனுக்கு முன்கூட்டியே போன் செய்துவிட்டு வந்தாள். பூட்டுக்காரரும் பையோடு கூடப் போனார்.

அறை கழுவியிருந்தது. புது விரிப்பு. செம்பு கட்டிலருகே வந்திருந்தது. டைலருக்குச் சவரம் செய்து, அந்தப் புழுக்கத்தில் முழுக்கைச் சட்டை மாட்டியிருந்தார்கள். நகங்களை ரத்தம் கட்டும் அளவுக்கு ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

"ஐயா, உங்களை யாராவது அடிக்கிறாங்களா?"

மகன் கதவில் சாய்ந்து நின்றான். டைலர் அவனைப் பார்த்துவிட்டு, "என் பையன் தங்கம்" என்றார்.

"அவனை வெளிய அனுப்பிட்டுக் கேளும்மா" என்றார் பூட்டுக்காரர். "சட்டைக் கையைச் சுருட்டிப் பாரு."

"அவர் சம்மதிச்சாதாங்க பாக்க முடியும்."

டைலர் கைப் பொத்தானை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா பெருமூச்சு விட்டு, கையெழுத்து வாங்க மகனோடு ஹாலுக்குப் போனாள்.

"ஏன்டா இழுக்கல?"

"இழுத்தேன். கொஞ்சம் அசைஞ்சுது. பயந்துட்டேன்."

"கடைக்கு ஓடி வந்திருக்கலாமே."

"உன் கடைக்குத்தானே அவன் முதல்ல வருவான்? நீ தடுத்துடுவியா? இந்த மாடி ஏறுறதுக்கே உனக்கு மூச்சு வாங்குது." டைலர் குரலை இன்னும் தாழ்த்தினார். "வளையம் இப்ப ஆடுதுடா. அவன் கண்ணுல பட்டா நான்தான் ஆட்டினேன்னு தெரிஞ்சிடும். நீளமாப் போட்டுடு."

"மாட்டேன்."

"நீங்க எல்லாரும் போயிடுவீங்க. நான் இங்கதான் இருக்கணும்." டைலர் கை கூப்பினார். கிண்டலுக்குக்கூட அவர் யாரையும் கும்பிட்டதில்லை.

பூட்டுக்காரர் திருப்புளியை எடுத்தார். குட்டை ஸ்க்ரூக்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பையில் இருந்ததிலேயே நீளமானதைப் பொருத்தித் திருகினார். மரம் கிறீச்சிட்டது. கடைசி ஸ்க்ரூ இரண்டு தடவை நழுவியது.

"பாத்தீங்களா ஐயா, நீங்களே சரி பண்ணிக் குடுக்குறீங்க" என்றாள் திரும்பி வந்த அம்மா. "அவரோட பாதுகாப்புக்குத்தானே."

"மாமா நம்ம ஆளு மேடம்" என்றான் மகன்.

படியிறங்கும்போது பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. கொஞ்சமும் ஆட்டமில்லாத சத்தம். அது அவருடைய வேலை.

அந்த அம்மா தெருவரை கூடவே வந்தாள். "மறுபடி ஒரு நாள் வந்து பாக்குறோம் ஐயா. கவலைப்படாதீங்க, அவரே நல்லாருக்கேன்னு சொல்றாரே."

"நான் நம்பலம்மா" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு அவர் நடந்தார்.