மேட்டு ஆஸ்பத்திரியின் எட்டுப் படுக்கைகள்

நெஸ்டா கடைசித் தட்டைத் துடைத்துக்கொண்டே சமையலறை ஜன்னல் வழியாக மேட்டு ஆஸ்பத்திரியைப் பார்த்தாள்.

"அந்த மூணாவது ஜன்னல் திரையை யாராவது நேரா இழுத்துவிடக் கூடாதா? வருஷக்கணக்கா ஒரு பக்கம் சாஞ்சே தொங்குது."

"நீ போய் இழுத்துவிடு. தலைமை நர்ஸா ஆக்கிடுவாங்க," என்றார் இட்வால்.

"போடா கிழவா. முதல்ல அந்தக் கரண்டியைத் துடை."

கரண்டிக்குத் திரும்பியவருக்குப் பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. நெஸ்டா தரையில் கிடந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. தட்டை மட்டும் உடையாமல் மார்போடு பிடித்திருந்தாள்.

ஆம்புலன்ஸ் வேல்ஸின் எல்லையைத் தாண்டி, இங்கிலாந்துப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. உயிர் தங்கியது. ஆனால் பள்ளிக்கூடத்தில் கற்ற இங்கிலீஷ் முழுக்கப் போய், அம்மாவிடம் பேசிய வெல்ஷ் மொழி மட்டும் அவளிடம் மிஞ்சியது. அங்கிருந்த நர்ஸுகள் நல்ல பெண்கள். கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தண்ணீர் கேட்கிறாளா, போர்வை கேட்கிறாளா என்று மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

இட்வால் இரண்டு பஸ் மாறிப் போவார். திரும்பும் பஸ்ஸுக்கு எழும்போதெல்லாம் அவள் அவருடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"நீ போயிட்டா நான் யார்கூடப் பேசறது?"

"நம்ம ஊருக்கே மாத்திடுவாங்க நெஸ்டா. டாக்டரே சொல்லிட்டார்."

டாக்டர் சொன்னது உண்மைதான். இனி வேண்டியது பராமரிப்பு, அதற்கு ஊர் ஆஸ்பத்திரியே போதும். ஆனால் மேட்டிலிருந்த எட்டுப் படுக்கைகளுக்கும் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை என்று நிறுத்திவைத்திருந்தார்கள். நர்ஸுகள் போதவில்லையாம், தற்காலிகமாம். நெஸ்டா காத்திருந்தாள். ஒரு காலை, முதல் பஸ்ஸுக்காக இட்வால் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. விடியுமுன்பே நெஸ்டா போய்விட்டாளாம்.

இலையுதிர் காலத்தில், படுக்கைகளை நிரந்தரமாக மூடலாமா என்று கருத்துக் கேட்க, சுகாதார வாரியம் ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டது. பக்கத்து வீட்டு க்வெண்டா இட்வாலை விடாமல் அழைத்துப் போனாள். வாசலிலேயே எதிர்க்கட்சிப் பிரைஸ் அவர் தோளில் கை போட்டான்.

"முன்வரிசையில எங்க பக்கம் உக்காருங்க ஐயா. டிவி வந்திருக்கு."

"அவரு முழங்காலுக்கு எது வசதியோ அங்க உக்காருவாரு," என்றாள் க்வெண்டா. "போன தேர்தலுக்கப்புறம் இப்பத்தான் உன் கண்ணுல அவரு படறாரா?"

மேடையில் ஆளுங்கட்சி உறுப்பினர் பேசினார். "படுக்கை வேற, பராமரிப்பு வேற. சொந்த வீட்டுப் படுக்கையைவிட நல்ல படுக்கை உலகத்துல உண்டா?"

"அப்ப உங்க நாற்காலியையும் வீட்டுக்கே அனுப்பிடலாமே!" என்று பிரைஸ் கத்த, மண்டபம் கைதட்டியது. இட்வாலுக்குத் தட்டத் தோன்றவில்லை.

அவர் முறை வந்தது. எழுந்து வெல்ஷில் பேசத் தொடங்கினார். உடனே ஒரு சலசலப்பு. மேடையிலிருந்தவர்களும் கூட்டத்தில் பாதிப்பேரும் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். மூலையில் மைக்கோடு உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளர் தாழ்ந்த குரலில் அவர் பேச்சை இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினாள்.

இட்வால் நிறுத்தினார். அந்தக் காதுகளையே பார்த்தார். சொல்ல நினைத்து வந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"நான் ரெண்டு நிமிஷம் பேசறது புரியணும்னு இத்தனை பேர் காதுலயும் ஒண்ணு மாட்டியிருக்கீங்க," என்றார். "என் பொண்டாட்டி படுத்திருந்த இடத்துல ஒண்ணுகூட இல்ல. மேட்டுல இருந்திருந்தா அதுக்குத் தேவையே இருந்திருக்காது. அங்க தரை துடைக்கிறவகூட அவகிட்ட வெல்ஷ்லயே பேசியிருப்பா."

அவர் உட்கார்ந்த பிறகுதான் மூலைக் குரல் சொல்லி முடித்தது. வாரியத் தலைவி ஹெட்போனைக் கழற்றி, இங்கிலீஷில் நன்றி சொல்லி, அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்பே வாக்கெடுத்து மூடிவிட்டார்கள். பிரைஸ் அச்சடித்த நோட்டீஸில் இட்வாலின் படம் இருந்தது. க்வெண்டா கொண்டுவந்து காட்டினாள்.

"மூக்கைப் பெருசாப் போட்டுட்டான்."

"அது எப்பவுமே பெருசுதான். நெஸ்டாவைக் கேளு," என்றவர், நோட்டீஸை மடித்து மேஜையில் வைத்தார். க்வெண்டா சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

இட்வால் தன் தட்டைக் கழுவித் துடைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டில்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. மேட்டில் மூன்றாவது ஜன்னலின் திரை ஒரு பக்கம் சாய்ந்தே தொங்கியது.