ஸ்னேகா உட்கார மாட்டாள்

கொல்கத்தாவின் பவானிபூருக்கு ஊழியத்துக்கு வந்த பிறகு ஜெபக்கனிக்கு இது மூன்றாவது கிறிஸ்மஸ். சொந்த ஊரான சாயர்புரத்துச் சபையார் அவளை வெளிநாட்டு மிஷனெரி என்றுதான் சொல்வார்கள். கொல்கத்தா போக பாஸ்போர்ட் வேண்டாமே என்று யாராவது கேட்டுவிட்டால் அவளுடைய அம்மா விடமாட்டாள். "பாஷை தெரியாது, சாப்பாடு ஒத்துக்கிடாது, போன பிள்ள முகத்த வருசக்கணக்கா பாக்க முடியல. பெறகு அது வெளிநாடு இல்லாம என்ன?" என்று மடக்கிவிடுவாள்.

ஜெபக்கனி பிசியோதெரபி படித்தவள். ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் மிஷன் நடத்தும் மையம் அவளுடைய பொறுப்பு. கைகால் சரியாக இயங்காத குழந்தைகளை அவர்களுடைய அம்மாக்கள் காலையில் கொண்டுவந்து விடுவார்கள். விட்டுவிட்டு பாலிகஞ்ச் பக்கத்துப் பிளாட்டுகளுக்குச் சமையல் வேலைக்குப் போவார்கள். பிள்ளைகளுக்கு ஜெபக்கனி 'தீதி', அதாவது அக்கா. அம்மாக்களுக்கும் அவள் தீதிதான்.

முதல் கிறிஸ்மஸில் அழுதாள். இரண்டாவதில் காய்ச்சலில் கிடந்தாள். கொல்கத்தாவில் கிறிஸ்மஸ் இல்லாமல் இல்லை. 'பொரோதின்', பெரிய நாள் என்று பெயர் வைத்து எல்லா மதத்துக்காரர்களும் கேக் வாங்குவார்கள், குரங்குக் குல்லாவோடு பார்க் ஸ்ட்ரீட் விளக்குகளைப் பார்க்கப் போவார்கள். அவளுக்கு வேண்டியது அது அல்ல. விடியற்காலை இருட்டில் அடிக்கும் கோயில் மணி, கஞ்சி வாசம் போகாத புதுச்சீலை, ஆராதனை முடிந்து வந்ததும் அடுப்படியில் அம்மா போடும் சத்தம் ஆகியவை வேண்டும். இந்த வருஷம் அக்டோபரிலேயே லீவு கேட்டாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் ஐந்து வருஷம் பண்டிகைக்குப் பணித்தளத்தை விட்டு நகரக் கூடாது என்பது மிஷனின் சட்டம். முடியாது என்று பதில் வந்தது.

டிசம்பர் இருபத்து மூன்றாம் தேதி காலையில் மிஷன் செயலாளர் தனசிங் ஐயாவே நேரில் வந்து இறங்கினார். கூடவே கேமராவோடு அவருடைய தங்கை மகன் ரூபன். புதுவருஷ ஆராதனையில் பணம் அனுப்பித் தாங்கும் சபைகளுக்கெல்லாம் போட்டுக் காட்ட ஒரு வீடியோ வேண்டும். அதுதான் வந்த காரியம். அம்மா கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்து டப்பாவை முதலில் நீட்டினார்.

"தின்னும்மா. உங்க அம்மை வழியெல்லாம் போன் போட்டு, குலுக்காம கொண்டு போங்க, ஒடஞ்சிரும்னு உயிர எடுத்துட்டாவ."

பிறகு ரூபன் விஷயத்தைச் சொன்னான். "அக்கா, ரொம்ப சிம்பிள். ஸ்னேகான்னு ஒரு பிள்ள நடக்குதாமே. மொதல்ல அது வீல்சேர்ல இருக்கும். நீங்க தலையில கைவச்சு ஜெபிக்கீங்க. அங்க கட் பண்ணுதேன். அடுத்து, பிள்ள எந்திரிச்சு நடக்குது. பின்னால கீபோர்டு."

"அது அப்படி நடக்கலியே தம்பி."

தனசிங் ஐயா சிரித்தார். கெட்டவர் அல்ல. இந்த மையத்துக்கு வாடகை வீடு தேடி வெயிலில் அலைந்தவர். "பிள்ள வீல்சேர்ல இருந்துச்சா? இருந்துச்சு. இப்ப நடக்குதா? நடக்குது. நீ ஜெபிச்சியா?"

"தினமும் ஜெபிச்சேன்."

"பெறகு இதுல பொய் எங்க இருக்கு?"

"நடுவுல ரெண்டு வருசம் இருக்கு ஐயா."

"ரெண்டு வருசத்த மூணு நிமிசத்துல எப்படிம்மா காட்ட?"

ஜெபக்கனிக்கு ஐயா கேட்பது நியாயம் போலவும் இருந்தது, அல்லாததாகவும் இருந்தது. மறுத்துப் பேசிப் பழக்கமில்லாத வளர்ப்பு. போய் மூலையில் இருந்த சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

ஸ்னேகாவுக்கு எட்டு வயது. முழங்காலுக்குக் கீழே இரண்டு பக்கமும் கம்பி வைத்த செருப்பு. துர்கா பூஜை விடுமுறை முடிந்த வாரத்தில்தான் முதன்முதலாகக் கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் எதையும் பிடிக்காமல் நடந்தாள். இப்போது ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேமராவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலியைக் கண்டதும் முகம் மாறியது.

"கொஞ்ச நேரம் இதுல உக்காரும்மா" என்று ஜெபக்கனி வங்காளத்தில் சொன்னாள்.

"நா." மாட்டேன் என்று அர்த்தம்.

"ஒரே நிமிஷம்."

"நா. நீங்கதானே தீதி சொன்னீங்க, இனிமே இதுல உக்காரக் கூடாதுன்னு. உக்காந்தா காலுக்கு நடக்க மறந்துபோகும்னு."

அவள் அழவில்லை, கத்தவில்லை. கம்பியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ரூபன் கேமராவை வைத்துவிட்டு, "பாப்பா, வா வா" என்று கொஞ்சியபடி அக்குளில் கைகொடுத்துத் தூக்கப் போனான். ஸ்னேகா குனிந்து அவன் மணிக்கட்டைக் கடித்தாள். நல்ல கடி.

"ஏ, நாய்க்குட்டி கணக்கா கடிக்கு" என்றான் ரூபன்.

"தம்பி, பிள்ளையத் தொடாத." ஜெபக்கனிக்கே தன் குரல் புதிதாக இருந்தது. அடுத்து என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. நாற்காலியைத் திருப்பி, தானே அதில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் கைப்பிடியில் வைத்துக்கொண்டாள். "இதுல ஆள் இருக்கு ஐயா. வேற எதையாவது எடுத்துக்கோங்க."

"எந்திரிம்மா."

"எந்திரிக்க மாட்டேன்."

தனசிங் ஐயா ரூபனை டீ குடிக்க அனுப்பினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். குரல் தேனாக இருந்தது.

"ஒனக்கு வீட்டு நெனப்பு வந்துட்டு. மொகத்துலயே தெரியுது. லீவு கேட்டிருந்தல்லா? நாங்கதான் கல்நெஞ்சா இருந்துட்டோம். நாளைக்கு எங்க கூடவே பிளைட்ல வா, டிக்கெட் போடுதேன். கிறிஸ்மஸ அம்மை கூட கொண்டாடு."

ஜெபக்கனி இதைத்தானே மாதக்கணக்கில் முழங்காலில் நின்று கேட்டாள்.

"எப்ப திரும்பி வரணும் ஐயா?"

"அத கமிட்டி பாத்துச் சொல்லும். இங்க வேற ஆள் போட்டுக்கிடுதோம்."

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. கேட்ட வரம் கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது. கூடவே திரும்பி வரும் கதவும் சாத்தப்பட்டுக்கொண்டிருந்தது. விமானம் ஏறிவிட்டால், அடுத்த வீடியோவுக்கு இந்த அறையில் வேறு யாரோ ஸ்னேகாவை வீல்சேரில் வைத்து ஜெபிப்பார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவர் எழுந்து போனார்.

சாயங்காலம் அம்மா போன் பண்ணினாள்.

"ஏட்டி, ஐயா சொன்னாவ, நீ வாறியாமே. அரிசி ஊறப் போட்டாச்சு. ஆட்டுக்கறிக்குச் சொல்லியாச்சு. ஒனக்கு நெஞ்செலும்பு தனியா வாங்கச் சொல்லிருக்கேன்."

ஜெபக்கனி நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். 

"ஒரு நிமிசம் அந்தப் பிள்ள உக்காந்தா என்ன கொறஞ்சிரும்?"

"கொறஞ்சிரும்மா. அது கஷ்டப்பட்டு எந்திரிச்சது. நம்ம படத்துக்காக மறுபடி உக்கார வைக்க நான் யாரு?"

"அதுக்காக நீ வரமாட்டியா?"

"வந்தா பெறகு என்னை இங்க விடமாட்டாவ."

"விடாட்டா போகட்டும். பெத்தவ நான் இங்க இருக்கேன்லா."

"எனக்கும் வரணும்னுதாம்மா இருக்கு. ஆனா வரல."

அம்மா போனை வைத்துவிட்டாள். ஜெபக்கனி முந்திரிக்கொத்தை ஒவ்வொன்றாகத் தின்று டப்பாவைக் காலி செய்தாள். அழுகை வந்தது, அதையும் சேர்த்துத்தான் தின்றாள்.

மறுநாள் காலை டாக்ஸி மையத்தின் வாசலில் வந்து நின்றபோது பிள்ளைகளை விட்டுப் போக வந்த அம்மாக்கள் உள்ளே இருந்தார்கள். ஜெபக்கனி பாயில் உட்கார்ந்து ஒரு பையனுடைய குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டி எங்கம்மா?" என்றார் தனசிங் ஐயா.

"கட்டல ஐயா. நான் வரல."

அவர் சுற்றிலும் பார்த்தார். ஸ்னேகாவின் அம்மா ஷம்பா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். நேற்று நடந்ததெல்லாம் மகள் சொல்லி அவளுக்குத் தெரியும். அவள் வங்காளத்தில் ஏதோ சொல்ல, மற்ற அம்மாக்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?"

"நாற்காலியில யாராவது உக்காந்துதான் ஆகணும்னா இந்த அண்ணனே உக்காரட்டும், எந்திரிக்கும்போது எல்லாரும் கைதட்டுவோம்னு சொல்லுதாங்க ஐயா."

தனசிங் ஐயாவுக்கே உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. வந்ததை அடக்கிக்கொண்டார்.

"நேத்து நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லல" என்றாள் ஜெபக்கனி. "ரெண்டு வருசத்தக் காட்ட முடியாதுதான். ஒரு காலப்பொழுதக் காட்டலாம். இந்தா, இப்ப எடுங்க. ஸ்னேகா நடப்பா. நடுவுல விழுவா. தானே எந்திரிப்பா. நான் ஜெபிக்கதையும் எடுங்க, கால நீட்டி மடக்குததையும் எடுங்க. ரெண்டையும் செஞ்சுதான் நடந்தா."

"விழுதத எவன்மா பாப்பான்? கோயில்ல வச்சு எப்படிப் போட?"

"அப்ப எடுக்காதீங்க."

"பிப்ரவரில கமிட்டி கூடும். அதுக்குப் பெறகு நீ இங்க இருக்க முடியாது. நான் சொல்லலன்னு சொல்லாத."

"பிப்ரவரி வரைக்கும் இருப்பேன்லா? கமிட்டி அன்னைக்கு நான் ரயில் ஏறி வாறேன். எம் மூஞ்சியப் பாத்து, இன்னது தப்புன்னு சொல்லட்டும். அதுக்குள்ள ஒத்தப் பிள்ளையையும் நாற்காலிக்குத் திரும்ப விடமாட்டேன்."

 அவர் திரும்பி டாக்ஸியை நோக்கி நடந்தார். ரூபன் மட்டும் கட்டுப்போட்ட மணிக்கட்டைத் தூக்கி ஸ்னேகாவுக்கு டாட்டா காட்டினான். அவள் பல்லைக் காட்டினாள்.

கிறிஸ்மஸ் அன்று காலை ஜெபக்கனி பக்கத்துக் கோயிலில் வங்காள ஆராதனைக்குப் போனாள். பாட்டு மெட்டு தெரிந்தது, வார்த்தை பாதிதான் தெரிந்தது. தெரிந்த பாதியைச் சத்தமாகப் பாடினாள், தெரியாத இடத்தில் தமிழில் பாடினாள். முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகப் பாடினாள்.

மையத்துக்கு விடுமுறை. ஆனாலும் சாவியோடு போனாள். ஷம்பாவும் ஸ்னேகாவும் கேக் பெட்டியோடு வாசல்படியில் காத்திருந்தார்கள். கதவைத் திறக்கும்போது போன் அடித்தது.

"ஐயா இன்னைக்கு நம்ம கோயிலுக்கு வந்திருந்தாவ" என்றாள் அம்மா, வணக்கம் வாழ்த்து எதுவும் இல்லாமல். "வெளிய வரும்போது எல்லாரும் என்னைச் சூழ்ந்துக்கிட்டு, மக வரலியா, வரலியான்னு கேட்டாளுவ. ஐயாவும் பக்கத்துல நிக்காவ."

"நீ என்ன சொன்ன?"

"அவளுக்கு அங்க வேல கெடக்கு, போட்டுட்டு வரமுடியாதுன்னு சொன்னேன்."

"அவர் முன்னாலயா?"

"முன்னால நின்னா என்ன? நான் பொய்யா சொன்னேன்?" அம்மா மூக்கை உறிஞ்சினாள். "ரொம்பச் சந்தோசப்படாத. ஒம்மேல எனக்குக் கோவம் ஒரு சொட்டு கொறயல. கமிட்டிக்கு நானும் வருவேன். உள்ள விடலன்னா வாசல்ல உக்காந்து, போறவன் வாறவன்ட்டயெல்லாம் கேப்பேன்."

"நீ எதுக்கும்மா?"

"எனக்கு அங்க வேல கெடக்கு" என்று சொல்லி அம்மா போனை வைத்தாள்.

உள்ளே ஸ்னேகா, பார்க் ஸ்ட்ரீட் விளக்கு பார்க்கப் போகவேண்டும், கூட்டத்துக்கு முன்னாலேயே போய்விட வேண்டும் என்று அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். தீதியும் கூட வரவேண்டுமாம். நடந்துதான் போகவேண்டுமாம், யாரும் தூக்கக் கூடாதாம்.

ஜெபக்கனி புதுச்சீலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு பாயை விரித்தாள்.

"போகலாம். மொதல்ல உக்காந்து காலை நீட்டு."