ரொட்டி, பாலாடை, இமை

1

இன்று மதியம் என் பாபாவின் வலது கால் முழங்கால்வரை உப்புக்குள் போனது. இந்தக் கதை அப்போதுதான் பிறந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

முதல் வரியைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

தோஸருக்குத் தெற்கே உப்பு ஏரி வெள்ளை வெளேரென்று— (வேண்டாம். இது பேருந்திலிருந்து இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களின் வரி.)

என் அப்பா ஷாத்லி உப்பின் மேல் முன்னால் நடப்பவர், ஆனால் அவருக்குக் கண்— (இதை முடிக்கக் கை வரவில்லை.)

2

கதைக்கு முன் சில சொற்கள். கோடையில் ஏரியின் மேல் உப்பு இறுகிவிடும். அடியில் சேறு அப்படியே இருக்கும். எதை மிதிக்கலாம் என்பதற்கு எங்கள் ஆட்களிடம் பழைய பெயர்கள் உண்டு. வண்டியைத் தாங்குவது ரொட்டி. ஒரு ஆளை மட்டும் தாங்குவது பாலாடை. சேற்றுக்குழியின் மேல் புதிதாக மூடிக்கொண்ட மெல்லிய படலம் இமை.

(பள்ளியில் இவை எல்லாவற்றுக்கும் 'மேற்பரப்பு' என்று ஒரே சொல்தான். தேர்வில் அதைத்தான் எழுதுகிறேன். அதை நம்பி ஏரியில் கால் வைக்க முடியாது.)

உப்பு வாரப் போகும்போது முன்னால் நடப்பவர் அடுத்த அடியில் இருப்பதன் பெயரை உரக்கச் சொல்வார். இரண்டாம் ஆள் அதைத் திருப்பிச் சொன்ன பிறகே மற்றவர்கள் கால் எடுத்து வைப்பார்கள். இரண்டாம் ஆள் நான். நான் வேறு பெயரைச் சொன்னால் வரிசை அந்த இடத்திலேயே திரும்பிவிடும். அப்புறம் பாபாவுக்குப் பின்னால் ஒருவரும் நடக்கமாட்டார்கள், என்றைக்குமே. அதுதான் எங்கள் வழக்கம்.

3

பாபா "ரொட்டி" என்றார்.

நான் பார்த்தேன். ஓரமெல்லாம் சாம்பல் நிறம். நடுவில் ஈரம் மினுங்கியது. இமை.

"ரொட்டி" என்றேன்.

(ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். வாய் பழகியிருந்தது. அவ்வளவுதான்.)

அவர் கால் உள்ளே போனது. மூன்றாவதாக வந்த ஹெதி மாமா அக்குளில் கைகொடுத்து இழுத்துப் போட்டார்.

"என்ன ஷாத்லி, ரொட்டின்ன. சரியா வேகல போலிருக்கே."

"உன் வீட்டு ரொட்டிக்கு இது எவ்வளவோ தேவலாம்" என்றார் பாபா.

"அடுத்த தடவை கழுதையை முன்னாடி விட்டுருவோம்யா. ஒரு காலு போனாலும் மிச்சம் மூணு இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். பாபாவும் சிரித்தார். திரும்பி வரும் வழியில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஸபா, நீ என்ன பார்த்த?"

"ரொட்டிதான் பாபா."

"ரொட்டிதானே?"

"ஆமா."

எதையும் இரண்டாம் தடவை கேட்கிற ஆள் இல்லை அவர்.

4

இந்தப் பாபாவை என்னால் நம்ப முடியவில்லை. முதலில் எழுதியபோது அவரைக் கோபக்காரராக்கினேன். கத்துகிறவரைப் பற்றி எழுதுவது சுலபம். ஆனால் அவர் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, எறும்பு மொய்த்த பேரீச்சம்பழத்தை எடுத்து, பேசிக்கொண்டே வாயில் போட்டுக்கொண்டார். அதை எந்தக் கோபத்துக்குள்ளும் என்னால் பொருத்த முடியவில்லை.

என் அம்மா, உம்மி, அதைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"டீ ஆறுது, குடிங்க" என்று கிளாஸை அவர் கையிலேயே வைத்தாள்.

அடுப்படியில் என் காதோரம் சொன்னாள்: "அவர்கிட்ட ஒண்ணும் கேக்காத."

"நாளைக்கு அண்ணன் வர்றான் உம்மி. வண்டி இழுக்கப் போறான்."

"தெரியும்டி. அவன் முன்னாடி இவரை இறக்கிக் காட்டாத. நடக்கறதைத் தவிர இவருக்கு என்ன தெரியும்?"

"ஆழமான குழியா இருந்தா?"

அவள் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

5

முடிவுகள்.

உம்மியிடம் சொல்லிவிடுவது. (அவளுக்கு என்னைவிட முன்பே தெரிந்திருக்கிறது. இந்த முடிவு செத்துப்போய்விட்டது.)

காலையில் பாபாவே, 'நீ முன்னால போ, ஸபா' என்பது. அழகான முடிவு. இதை எழுதியபோது அழுதேன். பிறகு அந்த இரண்டாம் தடவைக் கேள்வி நினைவுக்கு வந்தது. தெரிந்திருந்தும் நாளைக்கு நடக்கக் கிளம்புகிறவர் அவர்.

ஹெதி மாமாவிடம் போய்— (சொன்னால் காலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.)

இன்னொன்று: எனக்குத்தான் கண் சரியில்லை. இதற்காக நிறைய வேண்டிக்கொண்டேன்.

6

முடிவு என்னிடம் இல்லை. இருப்பதை அப்படியே தந்துவிடுகிறேன்.

நாளை வஜ்தி அண்ணன் எனக்குப் பின்னால், மூன்றாம் இடத்தில் வருவான். திரும்பும்போது அவன் இழுக்கும் வண்டியில் உப்பு நிறைந்திருக்கும், வார் அவன் நெஞ்சைச் சுற்றிக் கட்டியிருக்கும். வண்டியோடு உள்ளே போகிறவனைக் கைகொடுத்துத் தூக்க முடியாது. எழுத்திலாவது அவனை அங்கிருந்து விலக்கிவிட்டேன். அந்த இடத்தில் நீங்கள் நில்லுங்கள். மன்னிக்க வேண்டும், வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

வெயிலில் கண் கூசுகிறது. பாபாவின் முதுகு நேராக இருக்கிறது. அவர் ஒரு அடி முன்னால் வைத்து, நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி "ரொட்டி" என்கிறார். எனக்குத் தெரிவது சாம்பல் நிறம். உங்களுக்குத் தெரிவது என் முதுகு மட்டும்.

வார் இறுகியிருக்கிறது. ஒரு காலைத் தூக்கிவிட்டீர்கள். நான் இன்னும் திருப்பிச் சொல்லவில்லை.