நான்கு நிமிடம் பன்னிரண்டு விநாடி

"இந்த நாலு நிமிஷம் பன்னண்டு செகண்ட் எங்க போயிருந்தீங்க வெர்னா? காபி குடிக்கவா, ஊர்க்கதை பேசவா?" என்று கிரேடி திரையை என் பக்கம் திருப்பினான்.

அமெரிக்காவின் வடக்கே, எங்கள் டுலூத் நகரக் குளிரில் வீட்டைச் சூடாக்க எண்ணெய் வாங்க முடியாதவர்களுக்கு மாவட்டம் உதவி தருகிறது. அதற்கான இணைய விண்ணப்பம் திங்கட்கிழமை திறக்கிறது. எல்லோரும் ஒன்றாக வந்து மொய்த்தால் தாங்குமா என்று பார்ப்பது எங்கள் வேலை. என் வீட்டில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நான் நிரப்பியபோது, ஒவ்வொரு சொடுக்கையும் நடுவில் விட்ட இடைவெளியையும் ஒரு சோதனைக் கருவி பதிந்துகொண்டது. அதையே எண்ணூறு போலி மனிதர்களை வைத்து ஓட்டுவோம். நான் தயங்கினால் எண்ணூறு பேரும் தயங்குவார்கள்.

அன்று எண்ணூறு பேரும் ஐந்தாம் பக்கத்தில் விழுந்தார்கள். எங்கள் குழுத்தலைவன் கிரேடிக்கு வயது முப்பது. பழி யார் மேல் என்று உடனே முடிவு கட்டிவிட்டான்.

"உங்க பதிவுலதான் கோளாறு. அந்த இடைவெளிய அஞ்சு செகண்ட் ஆக்கிட்டேன். பாருங்க, எல்லாம் பச்சை, ஒருத்தரும் விழல. திங்கக்கிழமை திறந்துடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. இதே அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் காகித விண்ணப்பம் வாங்கிப் போட்டவள் நான். காபி குடிக்கப் போனேனாம்!

"நீயே அஞ்சாம் பக்கம் வரைக்கும் நிரப்பு. என்ன கேக்குது?"

"தொட்டியில எவ்வளவு எண்ணெய் மிச்சம்னு."

"தொட்டி எங்க இருக்கும்?"

"பேஸ்மென்ட்ல, வீட்டுக்கு அடியில."

"நம்ம கட்டடத்துலயும் ஒண்ணு இருக்கு. போய்ப் பாத்துட்டு வா. லிஃப்ட் அதுவரைக்கும் போகாது."

சிரித்துக்கொண்டே போனான். மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது சட்டைக் கையில் ஒட்டடை. 'கால் தொட்டி' என்று அடித்துப் பொத்தானை அழுத்தினான். முதல் பக்கம் வந்து நின்றது. பெயர், முகவரி எல்லாம் காலி.

"ஐயோ, எல்லாம் போச்சே!"

"மூணு நிமிஷம் சும்மா இருந்தா வெளிய தள்ளிடுது. நல்ல முழங்கால் உள்ள உனக்கே இந்த கதி. வலிக்கிற முழங்காலோட என் வீட்டு பேஸ்மென்ட்டுக்கு நான் இறங்கி ஏறின நேரம்தான் அந்த நாலு நிமிஷம்."

அவன் ஐந்து விநாடியை அழித்துவிட்டு, என் நேரத்தைத் தானே திரும்ப அடித்தான். நிரல் எழுதியவரைக் கூப்பிட்டுக் காத்திருக்கும் நேரத்தை இருபது நிமிடமாக மாற்ற வைத்தான்.

மூன்று மணிக்கு மறுபடி ஓட்டினோம். ஐந்தாம் பக்கத்தில் எண்ணூறு பேரும் நின்றார்கள். திரை அசையவில்லை. கிரேடி பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். எனக்கு அவசரம் இல்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, டார்ச் வெளிச்சத்தில், ஒவ்வொரு படியாக, எண்ணூறு பேரும் என் முழங்காலோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெருமையாகத்தான் இருந்தது, அதை ஏன் ஒளிக்க வேண்டும்?

நான்கு நிமிடம் பத்து. பதினொன்று. கிரேடி தட்டுவதை நிறுத்தினான்.

முதல் பச்சைப் புள்ளி மேலே வந்தது. பிறகு இன்னொன்று.