பெரட்டில் வாசித்த பெயர்

மலேசியாவில் பத்து காஜா ஊருக்கு அப்பால், பழைய ரப்பர் தோட்டத்து ஸ்டோரில் நடக்கும் வனவிலங்கு மீட்பு மையத்தில் குழந்தையம்மாள் மிருகங்களின் பெயரை வாசிக்க, லூமுட் கடலோரத்தில் கொண்டுபோய் விட்ட நீர்நாய் மறுநாள் காலை ஈரம் சொட்ட வரிசையில் நின்றது. எண்பது கிலோமீட்டர். எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மீன் எத்தனை கிலோ கூட வாங்குவது என்றுதான் கேட்டார்கள்.

முப்பத்தோரு வருஷம் பால்மரம் சீவினவள். தொண்டு செய்ய வந்த முதல் நாளே, ஆள் கணக்கு எடுக்காமல் என்ன வேலை என்று, தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு மாதிரி ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு பெயர் வைத்து விடியலில் வாசிக்கத் தொடங்கினாள். காட்டுக்குத் திரும்ப வேண்டியவற்றுக்குப் பெயர் கூடாது, நம்பர் போதும் என்று மையத்து டாக்டர் பிரதீபா சொல்லிப் பார்த்தார். "நம்பர் போட்டுக் கூப்பிட இது என்ன ஜெயிலா டாக்டர்?" என்றாள்.

கை ஒடிந்து வந்த உங்கா என்ற வாலில்லாக் குரங்குக்குத் தன் மகன் பெயரையே வைத்தாள்: ரோய்ஸ்டன். மகனுக்குத் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலை வேலை. இரண்டு வருஷமாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதவன், பெயர் வாசித்த மாதமே வந்து நின்றான். காருக்குக் கதவு மாட்டும்போது கால் தானாக வடக்கே, வீட்டுப் பக்கம் திரும்புகிறது, பஸ் ஏறினால்தான் அடங்குகிறது என்றான். அவள் கோழி வாங்கிச் சமைத்தாள், காரணத்தைச் சொல்லவில்லை. மாதம் ஒருமுறை வந்தவன் வாரம் இருமுறை வந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், உட்கார முடியாமல் கூடத்தில் நடந்துகொண்டே, வேலையில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள் என்றான்.

உங்காவும் அப்படித்தான். கை கூடிய பிறகு இருமுறை காட்டில் விட்டார்கள். இருமுறையும் பெரட்டுக்கு வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. "இன்னொரு தரம் வந்தா ஆயுசுக்கும் கூண்டுதான் ஆன்ட்டி," என்றார் பிரதீபா. ஒரு வாரம் வாசிக்காமல் விட்டுப் பார்த்தாள். அது அசையவில்லை. பட்டியலில் பெயர் இருக்கும் ஆள் எங்கே போவது?

தோட்டம் கைமாறிய வருஷம், பெரட்டு எடுக்கும் கணக்கர் கிராணி செய்ததை அவள் பார்த்திருக்கிறாள். பெயரைக் கடைசியாக ஒரு தடவை வாசித்து, அதே மூச்சில் வெட்டியாச்சு என்பார். அதோடு அந்த ஆளுக்கு அங்கே வீடும் இல்லை, வேலையும் இல்லை. வெட்டின பெயரைத் திரும்பச் சேர்த்ததாகக் கேள்வியே இல்லை. பெயர் போனால் மகனும் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். மூன்று நாள் சோறு இறங்காமல் வீட்டுக்கும் மையத்துக்குமாக நடந்தாள். நாலாம் நாள் மகன் வந்தான்.

"என்னமோ புடிச்சி இழுக்குதும்மா. நிக்க விடமாட்டேங்குது."

"நாளைக்கு விட்டுரும்," என்றாள்.

மறுநாள் விடியலில் வேலியோரம் நின்று, "ரோய்ஸ்டன்," என்றாள். வேலிமேல் உங்கா, வீட்டிலிருந்து ஓடிவந்த மகன் அதற்குக் கீழே. இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"பேர் வெட்டியாச்சு. போலாம்."

உங்கா மரம் மரமாகத் தாவி மறைந்தது. மகன் அதே இடத்தில் தரையில் படுத்துத் தூங்கிப்போய், மத்தியானம் பஸ் ஏறினான். அதன் பிறகு அந்தப் பெயரைச் சொன்னால் அவன் திரும்பவில்லை. அடையாளக் கார்டில் பெயர் இருந்த இடம் வெள்ளையாகிவிட்டது, கோயில் ஞானஸ்நான ஏட்டிலும் அப்படியே. தொழிற்சாலையில் மச்சான் என்று கூப்பிட்டு வேலை வாங்கினார்கள்.

ஏழு மாதம் அவன் வரவில்லை. குழந்தையம்மாள் பெரட்டையே விட்டுவிட்டு, கூண்டு மட்டும் கழுவினாள். எட்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ கதவைத் தட்ட, யாரு என்றாள்.

"நான்தான்மா. லீவு கெடச்சிச்சி, சும்மா வந்தேன்லா." பக்கத்தில் ஏஞ்சலா என்றொரு பெண் நின்றாள்.

கோயிலில் மூன்று ஞாயிறும் இருவருக்குமான கல்யாண அறிவிப்பு ஓலையை வாசித்தார்கள். மாப்பிள்ளை, குழந்தையம்மாளின் மகன், என்று மட்டும் வாசித்துவிட்டு, ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாம் என்றார் ஃபாதர். யாருக்கும் இல்லை.